எண்பத்தைந்து கிலோ வரை

லாயத்து முற்றத்தில் மூட்டை நிறுக்கிற மாதிரி ஓர் இரும்புப் பலகை தரையோடு தரையாகக் கிடந்தது. லாயக்காரம்மா ஒவ்வொருவராக அதில் ஏறச் சொன்னாள். டீச்சர் ஏறி இறங்கினாள். வக்கீல் ஏறி இறங்கினாள். மருந்துக்கடை வைத்திருப்பதால் மருந்துக்கடை என்றே பேரான இன்னொருத்தி, செருப்பைக் கழற்றணுமா என்று கேட்டுக்கொண்டே ஏறினாள். கடைசியாகப் பட்டாணி ஏறினாள். சுவரில் சிவப்பாகத் தொண்ணூற்றொன்று என்று வந்தது.

லாயக்காரம்மா கையிலிருந்த விண்ணப்பத்தைப் பார்த்தாள். அதில் எண்பத்திரண்டு. இறங்கி மறுபடி ஏறச் சொன்னாள். அதே தொண்ணூற்றொன்று. இந்தக் குதிரைகள் எண்பத்தைந்து கிலோவுக்கு மேல் சுமக்காது, சுமக்க விடவும் மாட்டேன் என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள். பலபேரிடம் சொல்லிப் பழகிய குரல்.

பட்டாணி என்பது பள்ளிக்கூடத்தில் வைத்த பேர். நாலு பேரில் அவள்தான் பொடிசு. ஐம்பத்திரண்டு வயதில் அந்தப் பேர் கேலியாகிவிட்டதை மற்ற மூவரும் கவனித்ததாகக் காட்டிக்கொண்டதில்லை. அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். இருபத்தாறு வருஷமாக ஜன்னல் இல்லாத அறை, ஈயக் கவசம், அடுத்தவர் எலும்பு. வீட்டில் கணவர் வாயைத் திறந்தால் நையாண்டி. கிளம்புகிற அன்றுகூடக் குதிரைக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் பெட்டியைத் தூக்கினார்.

வெளிநாடு போய்க் குதிரை ஏறணும் என்பது நாலு பேரும் ஹாஸ்டலில் பேசிய பேச்சு. அதை ஞாபகம் வைத்திருந்தவள் பட்டாணி ஒருத்திதான். ஆறு நாள் சவாரி, ஊருக்கு ஊர் தங்கல், கடைசி நாள் கடற்கரை என்று இடம் பிடித்தவளும் அவள்தான். பதினோரு மாதம், சனிக்கிழமை தவறாமல், ஊர் எல்லையில் இருந்த சவாரிப் பள்ளிக்கும் போனாள். அங்கே போலீஸில் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பெருங்குதிரை. யார் ஏறினாலும் சுமக்கும். எடை என்ன என்று அங்கே யாரும் கேட்டதில்லை. இரண்டு முறை விழுந்தாள். ஒருமுறை மணிக்கட்டு வீங்கி, தன் கையைத் தானே படம் எடுத்துப் பார்த்துக்கொண்டாள். மற்ற மூவரும் ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. வழி குதிரைக்கே தெரியும், நாம் சும்மா உட்கார்ந்தால் போதும் என்பது டீச்சரின் கட்சி.

எண்பத்திரண்டு வந்த கதை இதுதான். ஆஸ்பத்திரி எடைமிஷின் தாழ்வாரத்தில், நாலு பேர் பார்க்கிற இடத்தில் இருந்தது. பட்டாணி அதில் காலே வைத்ததில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு சிநேகிதியின் மருந்துக்கடைக்குப் போவாள். மருந்து அலமாரிகளுக்குப் பின்னால் ஒரு பழைய முள் மிஷின். குனிஞ்சா முள்ளு ஆடும், நேராப் பாரு என்பாள் மருந்துக்கடை. நேராகப் பார்த்தபடி நிற்பாள். மருந்துக்கடை குனிந்து பார்த்துச் சொல்வாள். ஒன்பது வருஷமாக இப்படி.

"உன் மிஷின்ல எண்பத்திரண்டுதானே?" என்றாள் பட்டாணி, பலகையிலிருந்து இறங்கி மருந்துக்கடையிடம்.

"மிஷின் சரியாத்தான் இருக்கு. நான்தான் குறைச்சுச் சொல்வேன்."

"எதுக்கு?"

"முதல் தடவை உள்ளதைச் சொன்னேன். நீ கடையிலயே உக்காந்து அழுதே. கஸ்டமர் எல்லாம் பார்த்தாங்க."

டீச்சர், நமக்குள்ள என்னடி இதெல்லாம் என்று இடையில் புகுந்தாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. வக்கீல் முகத்திலும் இல்லை. இரண்டு பேருக்கும் முன்பே தெரியும் என்பது பட்டாணிக்கு அப்போதுதான் உறைத்தது.

வக்கீல் லாயக்காரம்மாவிடம் விண்ணப்பத்தின் விதிகளை வைத்து வாதாடிப் பார்த்தாள். நடக்கவில்லை. சாமான் வண்டி ஒவ்வொரு தங்கலுக்கும் போகும், டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வரலாம் என்றாள் லாயக்காரம்மா. பட்டாணி மூவரையும் பார்த்தாள். அப்படியானால் நாங்களும் போகவில்லை, அல்லது நானும் உன்னோடு வண்டியில் வருகிறேன் என்று யாராவது சொல்வார்கள் என்று நின்றாள். சொல்லியிருந்தால் வேண்டாம் என்று மறுத்திருப்பாள். மறுக்கிற வாய்ப்பையாவது கொடுத்திருக்கலாம்.

டீச்சர் தோளிலிருந்து பையைக் கழற்றி, வண்டியிலதானே வரே, இதையும் பார்த்துக்கோ என்று நீட்டினாள். வாங்கிக்கொண்டாள். அடுத்து வக்கீலின் ஸ்வெட்டர் வந்தது.

டிரைவர் பேசாத ஆள். பட்டாணிக்கு அது வசதியாக இருந்தது. சாலை ஓரிடத்தில் மேட்டில் ஏறும்போது கீழே குதிரைகள் தெரியும். மூன்று பேரும் சேணத்தின் முன்விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு கூன் போட்டுப் போவார்கள். நிமிர்ந்து உட்காருங்கடி, குதிகாலைக் கீழே அழுத்துங்க என்று வண்டிக்குள்ளிருந்து முணுமுணுப்பாள்.

மூன்றாம் நாள் டீச்சருக்குத் தொடை உரிந்துவிட்டது. இனி குதிரைப் பக்கமே போகமாட்டேன் என்று வண்டியில் ஏறிக்கொண்டாள். அவள் குதிரை சேணத்தோடு, மேலே ஆளில்லாமல், மற்றவற்றின் பின்னால் நடந்து வந்தது. அன்று மாலை பட்டாணி லாயக்காரம்மாவிடம் போய், சும்மாதானே வருகிறது, ஒரு மணி நேரம் மட்டும் என்று கேட்டாள். தான் அப்படிக் கெஞ்சுவோம் என்று அவளே நினைத்ததில்லை. லாயக்காரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு முடியாது என்றாள். அந்தப் பயணத்தில் அவளிடம் உள்ளதைச் சொன்ன ஒரே ஆள்.

பிறகு அறைக்கு வந்து டீச்சரின் தொடைக்கு மருந்து தடவிவிட்டாள். குதிரை சனியன் என்னமா குலுக்குது, நீ புண்ணியம் செஞ்சவ என்று டீச்சர் புலம்பிக்கொண்டே படுத்திருந்தாள்.

கடைசி நாள் வண்டி முன்னதாகவே கடற்கரைக்குப் போய்விட்டது. பட்டாணி மணலில் விரிப்பைப் போட்டுச் சாப்பாட்டை எடுத்து வைத்தாள். ஈரமணல் இறுகி, வெகுதூரம் வரை ஆளே இல்லை. குதிரைகள் வந்தன. இங்கே ஓடவிடலாம் என்று லாயக்காரம்மா சைகை காட்டினாள். வக்கீல் தலையை ஆட்டி மறுத்தாள். மருந்துக்கடை, என்னை இறக்கிவிடுங்க முதல்ல என்றாள். இறங்கிக் காலை அகட்டி அகட்டி நடந்து விரிப்புக்கு வந்தாள்.

"நீ தப்பிச்சேடி."

பட்டாணி தட்டை வைத்தாள். "அப்பவே சொல்லியிருந்தா குறைச்சிருப்பேன்."

"நிஜமாவே குறைச்சிருப்பியா?"

மருந்துக்கடை குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். பட்டாணி விரிப்பில் விழுந்த மணலைத் தட்டிவிட்டாள்.

"தெரியல. குறைக்க முடியாதுன்னாவது எனக்குத் தெரிஞ்சிருக்கும். இங்க வந்திருக்க மாட்டேன்."

"உன் மனசு நோகக் கூடாதுன்னு பார்த்தேன் பாரு, எனக்கு வேணும்" என்றாள் மருந்துக்கடை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

வக்கீலும் இறங்கி, குதிரைகளை வரிசையாக நிறுத்தச் சொல்லி, எல்லாரும் வாங்க, பட்டாணி நடுவில் நிற்கட்டும் என்று கூப்பிட்டாள். பட்டாணி போய் நடுவில் நின்றாள். டிரைவர் போனை வாங்கிப் படம் எடுத்தான். மருந்துக்கடை முதலில் வாங்கிப் பார்த்தாள்.

"நீ ரொம்ப இளைச்ச மாதிரி விழுந்திருக்கேடி" என்றாள்.

பட்டாணி போனைக் கேட்டு வாங்கவில்லை. தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள்.