டைமிங் பெல்ட்டும் ஒரு வெள்ளைக் கல்லும்

1. கயிறு கட்டி வந்த வேன்

மகேந்திரனின் டீசல் வேனை ஒரு தேயிலைக் கொழுந்து லொறி கயிறு கட்டி இழுத்து வந்து எங்கள் கராஜ் வாசலில் விட்டுவிட்டுப் போனது. தலவாக்கலையில் காலையிலிருந்தே தூறல். வேனின் பின்சீட்டில் ஒரு தலையணையும் மடித்த கம்பளியும் அப்படியே கிடந்தன. அவருடைய அண்ணன் சிவலிங்கத்துக்காக விரித்த படுக்கை. அண்ணனை அடக்கம் பண்ணி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

சிவலிங்கத்துக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரம் தவறாமல் ஆஸ்பத்திரியில் மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். லிந்துலைக்கு மேலே, தோட்டத்து வரிசை வீடுகளான அவர்களுடைய லயத்திலிருந்து அவரைக் கொண்டுபோக இருந்த ஒரே வண்டி தம்பியின் இந்த வேன்தான். அன்றைக்கு விடியும்போது அவருக்கு மூச்சு வாங்கியிருக்கிறது. மகேந்திரன் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உள்ளுக்குள் டக் டக்கென்று இடித்துவிட்டு நின்றுபோனது. பிறகு அசையவே இல்லை. நாற்காலியில் உட்கார வைத்து, குறுக்குப் பாதையில் நாலு பேர் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு இறங்கி ஒரு த்ரீவீலர் பிடித்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி கேட் வரை உயிர் தாங்கவில்லை.

"வண்டிய ஓட வைங்கன்னு சொல்லல தம்பி," என்றார் மகேந்திரன் என்னிடம். "ஏன் நின்னுச்சுன்னு மட்டும் சொல்லுங்க. அண்ணி எங்கூட பேசுறதில்ல. வண்டியப் பாக்காம விட்டு அவரச் சாகடிச்சிட்டான்னு லயமே பேசுது. தப்பு என்னுதுன்னா ஏத்துக்கிறேன். ஆனா தெரியணும்."

2. பெல்ட் அறுந்திருக்கவில்லை

இந்த வேலைக்கு வரப்போகிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். எஞ்சினின் முன்பக்கம், கவருக்குள்ளே, பல் வைத்த ரப்பர் பெல்ட் ஒன்று ஓடும். கீழே பிஸ்டனை ஆட்டும் கிராங்க், மேலே வால்வைத் திறக்கும் கேம், பக்கத்தில் டீசல் பம்ப், மூன்றையும் ஒரே கணக்கில் சுற்ற வைப்பது அதுதான். பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு ஒதுங்கியிருக்க வேண்டும். பெல்ட் சில பல் தாண்டிவிட்டால் கணக்குத் தப்பி, பிஸ்டன் போய் வால்வை இடிக்கும். வால்வு வளைந்தால் எஞ்சின் செத்த மாதிரி.

எங்கள் கராஜ் முதலாளி ரியாஸ் நானா பெஞ்சில் உட்கார்ந்து ப்ளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் ஸ்பேனர் பெட்டியைத் தூக்கியதைப் பார்த்துச் சிரித்தார்.

"எஞ்சின் தொறக்கச் சென்னா ஒனக்குக் கலியாண ஊட்டுச் சோறு மாதிரி. மெல்ல தொற."

உண்மைதான். டிப்ளோமா முடித்து வந்த நாளிலிருந்து எனக்கு அப்படித்தான். ஒரு கோளாறு ஏன் வந்தது என்று தெரியாமல் தூக்கம் வராது. பெல்ட் அறுந்து தொங்கும் என்று நினைத்துத்தான் கவரைக் கழற்றினேன். பெல்ட் முழுசாக இருந்தது. மேலே அச்சடித்த எழுத்துக்கூட அழியவில்லை. ஆனால் கிராங்க் மார்க்கை நேராக வைத்துப் பார்த்தால் கேம் மார்க் எங்கேயோ விலகி நிற்கிறது. பல் தாண்டியிருக்கிறது.

டென்ஷனரைத் தொட்டேன். பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டிய சாமான் அது. பெருவிரலால் அழுத்தினாலே பின்வாங்கியது. பேரிங்கைச் சுற்றினால் மணல் அரைபடுவது போல ஒரு சத்தம்.

"பெல்ட் புதுசா இருக்கே. இது ஏண்ணே பழசு?" என்று மகேந்திரனிடம் கேட்டேன்.

"பெல்ட் மாத்தும்போது கேட்டேன் தம்பி. வெளிநாட்டுச் சாமான் வராத நேரம். ஹட்டன்ல ஏறாத கடையில்ல. கடைசியில மாத்துன கராஜ்ல பழசயே கழுவிப் போட்டாங்க."

எனக்கு அது போதவில்லை. டென்ஷனர் தளர்ந்திருந்தாலும், முதல் நாள் வரை ஒழுங்காக ஓடிய வண்டி இது. நிறுத்தி வைத்த இடத்தில் பெல்ட் எப்படித் தாண்டும்? வேனைச் சுற்றி வந்தேன். பின் பம்பரில் புதுக் கீறல். கீறலில் பச்சைப் பாசியும் சிமெந்துத் தூளும்.

"இது என்னண்ணே?"

"தண்ணி ஓடுற கான் சுவர்ல முட்டியிருக்கு. காலையில பாத்தேன், வண்டி பின்னால போயிருந்திச்சு. இருந்த அவசரத்துல யோசிக்கல."

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. "நானா, கிடைச்சிருச்சு. வண்டி மூக்க மேல வச்சு முதல் கியர்ல நின்னிருக்கு. கியரோட பின்னால உருண்டா எஞ்சின் தலகீழாச் சுத்தும். அப்ப இழுவை முழுக்க டென்ஷனர் பக்கம் வரும். அது தாங்கல. பெல்ட் தாண்டிருச்சு. காலையில ஸ்டார்ட் பண்ணதும் வால்வு அடிபட்டிருச்சு."

ரியாஸ் நானா கோப்பையை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பக்கத்தில் நின்ற மகேந்திரன் கீறலிலிருந்த பாசியை விரலால் துடைத்தார்.

"கல் வச்சேன் தம்பி," என்றார். "கல் வைக்காம நான் நிறுத்துறதே இல்ல."

3. கல்லைத் தேடிப் போனது

தோட்டத்து டிரைவர்கள் யாரும் ஹேண்ட்பிரேக்கை நம்புவதில்லை. இந்த ஏற்ற இறக்கத்தில் அதன் கேபிள் நீண்டு போய்விடும். கியரில் போட்டு, பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுப்பார்கள். மகேந்திரனுக்கென்று ஒரு கல் இருந்தது. பனிமூட்டத்திலும் தெரிய வேண்டும் என்று வெள்ளைப் பெயின்ட் அடித்து வைத்த கல். அன்று காலை அது சக்கரத்தடியில் இருந்ததா என்று அவருக்கு நினைவில்லை.

"போய்ப் பாப்பம்ணே," என்றேன்.

"கல்லத் தேடி என்ன செய்யப் போற?" என்றார் ரியாஸ் நானா. "காரணம் தெரிஞ்சிட்டுத்தானே. வேலயப் பாரு."

"பாத்தாத்தான் நானா முழுசாத் தெரியும்."

மகேந்திரனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு என் பைக்கில் மேலே போனோம். வேன் நிற்கும் இடம் லயத்துக்குக் கீழே நல்ல சரிவு. அங்கே ஒயில் கறை இருந்தது. கான் சுவரில் பம்பர் முட்டிய அடையாளம் இருந்தது. கல்லைக் காணோம். கானுக்குள் இறங்கிப் பார்த்தேன். தேயிலைச் செடிகளுக்கு அடியில் பார்த்தேன். நிமிர்ந்தபோது மகேந்திரன் என்னைப் பார்க்காமல் லயத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தகரத்தின் மேல், காற்றில் பறக்காதிருக்க வைத்த கற்கள், எல்லாம் கறுத்துப் பாசி ஏறியவை. கடைசி வீட்டுக்கு மேலே மட்டும் ஒரு வெள்ளைக் கல்.

சிவலிங்கத்தின் மனைவி பாக்கியம் அந்த வீட்டு வாசலுக்கு வந்தார். கொழுந்து பறித்துத் தடித்த கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னிடம் மட்டும் பேசினார்.

"வாங்க தம்பி. கராஜ்லருந்தா? கூரையவா பாக்குறீங்க? அத ஏன் கேக்குறீங்க. அவரு போறதுக்கு முந்தின நாள் பொழுது சாயுறப்ப இருந்தே காத்து. தகரம் அவரு தலைக்கு மேலயே அடிச்சிக்கிட்டு இருந்திச்சு. கண்ண மூட முடியலன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. கைக்குக் கிடச்ச கல்லத் தூக்கி வச்சேன். அதுக்கப்புறந்தான் தூங்குனாரு. கடைசியா நல்லாத் தூங்குனது அன்னைக்குத்தான்."

சக்கரத்தடியில் இருந்த கல் எதற்கு என்று அவருக்குத் தெரியாது. அவர் வண்டி ஓட்டுகிறவர் இல்லை. கல்லை எடுத்த உடனே வேன் உருண்டிருந்தால் கவனித்திருப்பார். கியர் அதைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கிறது. ராத்திரி எப்போதோ, மழையிலும் காற்றிலும், யாருக்கும் கேட்காமல் அது இறங்கியிருக்கிறது.

"வண்டி ஏன் தம்பி நின்னுச்சு? கண்டுபிடிச்சிட்டீங்களா?"

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. கியர், சரிவு, கல், டென்ஷனர் என்று வரிசையாக, ஒன்றும் விடாமல் இருந்தது. அதைச் சொன்னால் மகேந்திரன் மேல் இருக்கிற பழி அங்கேயே போய்விடும். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பேசிவிட்டார்.

"என்னாலதான் அண்ணி. பெல்ட்ட மாத்துனப்ப டென்ஷனர மாத்தாம விட்டுட்டேன். அது போயிருச்சு."

அந்த அம்மா முதல் தடவையாக அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"மாத்தியிருக்கலாம்ல," என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இறங்கி வரும்போது முதல் வளைவில் பைக்கை நிறுத்தச் சொன்னார் மகேந்திரன். இறங்கி என் முன்னால் வந்து நின்றார்.

"நான் சொன்னது பொய்யில்லதான தம்பி?"

"இல்லண்ணே. புது டென்ஷனரா இருந்தா தாங்கியிருக்கும்."

"அது போதும். கல்லு அங்கயே கெடக்கட்டும். நீங்களும் யார்கிட்டயும் வாய விட்றாதீங்க."

அதனால்தான் இங்கே பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

4. இப்போது நாங்கள் செய்வது

ஹெட்டைக் கழற்றி வால்வு மாற்றினோம். பெல்ட்டோடு டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப், ஒயில் சீல் எல்லாவற்றையும் சேர்த்தே புதிதாகப் போட்டோம். எஞ்சினை அது ஓடுகிற பக்கமாகவே கையால் முழுச் சுற்றுகள் சுற்றி, மார்க்குகள் திரும்பவும் நேராக வருகின்றனவா என்று பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் பண்ணினோம். பின்பக்கமாகச் சுற்றவே கூடாது. புத்தகத்தில் இது ஒரு வரியாக இருக்கும். நானும் ஒரு வரியாகத்தான் படித்திருந்தேன்.

"பெல்ட்ட மட்டும் மாத்துங்க, மத்தது ஓடுது தானே" என்று கேட்பவர்களை இப்போது ரியாஸ் நானா திருப்பி அனுப்பிவிடுகிறார். "சாமான் வந்தொடன வாங்க. அது வரைக்கும் வண்டிய வெளிய எடுக்காதீங்க." சிலர் கோபித்துக்கொண்டு வேறு கராஜுக்குப் போகிறார்கள். போகட்டும் என்கிறார்.

நான் ஒரு வேலை செய்கிறேன். டர்பன்டைன் மரத்தில் ஆப்பு மாதிரி கட்டை அறுத்து, ஓட்டை போட்டு, கயிற்றால் வேனின் பின்கொக்கியில் கட்டி அனுப்புகிறேன். மேலே லயங்களுக்கு ஓடுகிற எல்லா வேனுக்கும். டிரைவர்களுக்கு இது ஒரு பகிடி.

"என்ன தம்பி, கட்டைக்குக் கயிறு? அவுத்து விட்டா மேயப் போயிருமா?"

"யாராவது எடுத்துட்டுப் போயிருவாங்கண்ணே."

"இத எடுத்து என்ன செய்யப் போறாங்க?"

நான் கயிற்றில் இன்னொரு முடிச்சைப் போடுகிறேன். தம்பி தங்கச்சிகளே, கோளாறுக்குக் காரணம் தேடும்போது கடைசி ஸ்க்ரூ வரைக்கும் தேடுங்கள், விடாதீர்கள். கிடைத்ததையெல்லாம் யாரிடம் சொல்வது என்பது வேறு வேலை. அதை எந்த டிப்ளோமாவிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

போன மாதம் ஒரு பிரேக் வேலைக்காக அந்தத் தோட்டத்துக்குப் போனேன். மகேந்திரனின் வேன் அதே சரிவில், சக்கரத்தடியில் கட்டையோடு நின்றது. கூரையில் அந்தக் கல்லிலும் பாசி பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. இன்னும் ஒரு மழைக்காலம் போனால் மற்றக் கற்களோடு சேர்ந்துவிடும். அண்ணி பேசுகிறாரா என்று மகேந்திரனிடம் கேட்டேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு, கட்டையைக் காலால் ஒரு தடவை இறுக்கித் தள்ளினார்.