பிச்சையம்மாள் காப்பாற்றிய மரம்

சிடாம் கிரி ரப்பர் தோட்டத்தில் ஒரு மரத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்துவிட்டதாம். அதனால் அந்த மரத்தடியில் இருக்கும் பிச்சையம்மாள் வீட்டை இனி யாரும் இடிக்க முடியாதாம். லூனாஸ் காப்பிக் கடையில் பேசிக்கொண்டார்கள். ஏழைக்கு நல்லது நடந்ததாகக் கேள்விப்பட்டால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். நேரில் போனேன்.

செய்தி பாதி உண்மை. அந்தத் தோட்டத்திலேயே ஆயுளைக் கழித்த பிச்சையம்மாள், தோட்டம் கைமாறி, புது முதலாளி வீட்டை இடிக்க வந்ததும், வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தைக் காக்கச் சொல்லி நகராண்மைக் கழகத்துக்கு மனுப் போட்டார். மரம் நின்றால் வீடும் நிற்கும் என்று நம்பினார். மனுவை ஏற்றுக்கொண்டார்கள். வேலி போட அளந்தபோதுதான், பாதுகாக்கப்பட்ட மரத்தின் வேர்மேல் கட்டடம் இருக்கக் கூடாது என்றார்கள். வேர்மேல் இருந்தது அவர் வீடு மட்டுமே. மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்.

"எங்க போவீங்கக்கா?" என்று கேட்டேன்.

"மரத்தக் கேளு தம்பி. இங்க இருக்க அதுக்குத்தான் பெர்மிட் இருக்குலா."

பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டே சொன்னார்:

"மரத்தக் காப்பாத்திக் குடுத்தா ஒரு சேவல் அறுக்குறேன்னு முனியாண்டிகிட்ட வேண்டிக்கிட்டேன். வீட்டப் பத்திச் சொல்ல விட்டுப்போச்சு. இப்ப சேவல் குடுக்கணுமா, வேணாமா?"

சேவல், சாமான் ஏற்ற வந்த லாரிக்கடியில் மேய்ந்துகொண்டிருந்தது.