மூன்றாவது சுற்று

பிற்பகல் மூன்று இருபதுக்கு மகளின் கைப்பேசி அணைந்துபோனது. அடுத்த ஐந்து நிமிடத்தில், அவளுடைய சான்றிதழ் ஃபைல் பீரோவில் இல்லை என்றாள் என் மனைவி.

காலையில்தான் சண்டை. ஞாயிற்றுக்கிழமை திருமங்கலத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொன்னேன். டெல்லிக்குப் போய் மேலே படிக்கிறேன் என்று மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தவள், கத்திவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

கட்டிலில் ஒரு நாவல் கவிழ்ந்து கிடந்தது. மதுரையில் நடக்கும் கதை. எழுதியவர் அமெரிக்கப் பெண்மணி. அதைப் பற்றித்தான் மகள் கல்லூரியில் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். திறந்திருந்த பக்கத்தை மேலோட்டமாகப் படித்தேன். கல்யாணத்துக்குச் சம்மதிக்காத ஒருத்தி, கோயிலைச் சுற்றியுள்ள நான்கு ஆவணி மூல வீதிகளையும் மூன்று முறை சுற்றி ஊரிடம் விடைபெறுகிறாள். பிறகு ரயிலேறிவிடுகிறாள். ஓரத்தில் மகள் பென்சிலால் கோடு போட்டிருந்தாள்.

மைத்துனனை ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டு நான் வீதிகளுக்குக் கிளம்பினேன். கோச்சடை வீட்டிலிருந்து வண்டியை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது.

மேல ஆவணி மூல வீதியில் வண்டியை நிறுத்தியதும் எங்கள் வழக்கமான நூல்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "பாப்பா இப்பத்தாண்ணே இப்படிப் போச்சு."

வடக்கு, கிழக்கு, தெற்கு என்று ஓட்டமும் நடையுமாக ஒரு சுற்று வந்தேன். அவளைக் காணாமல் நூல்கடை வாசலுக்கே வந்து சேர்ந்தேன்.

"மறுபடியும் போச்சேண்ணே! கூப்பிட்டேன், காதுல விழல. என்ன, அப்பனுக்கும் மகளுக்கும் ஓட்டப்பந்தயமா?" சிரித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "ரெண்டு பேரும் வலமாவே சுத்துனா எப்பப் பாக்குறது? இடமாப் போங்கண்ணே, எதுக்க வந்துரும்."

இடமாகச் சுற்றுவது எங்கள் வீட்டில் சாவுக் காரியத்துக்கு மட்டும்தான். அந்தப் பதற்றத்திலும் கால் ஒரு கணம் தயங்கியது. பிறகு கூட்டத்தை எதிர்த்து நடந்தேன். எதிரே வந்த எந்த முகமும் அவளுடையதாக இல்லை.

தெற்கு வீதி முடிந்து கிழக்கில் திரும்பும் முனையில் வந்தாள். ஃபைலை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"என்னப்பா, இடமாச் சுத்துறீங்க?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தக் கதையில அவளும் இடமாத்தாம்ப்பா சுத்துறா. எழுதுன அமெரிக்கம்மாவுக்கு அது சாவுக்குச் சுத்துறதுன்னு தெரியல. எனக்கு அப்படிச் சுத்தக் கால் வரல," என்றாள். "இது மூணாவது சுத்து. முடிஞ்சதும் ஸ்டேஷனுக்குத்தான் போயிருப்பேன். அவங்கள ஞாயித்துக்கிழம வர வேணாம்னு சொல்லிருங்கப்பா."