லேபிள் ஊறிப்போன பாட்டில்

எங்கள் ஊர் கல்வராயன் மலைமேல் இருக்கிறது. மருந்து வாங்க பஸ் பிடித்துக் கீழே இறங்க வேண்டும். அதனால் ஒரு வீட்டில் மிஞ்சிய மருந்து அடுத்த வீட்டுக்குப் போவது இங்கே வழக்கம்.

போன வருஷம் என் மகளுக்குக் காதில் சீழ் வடிந்தது. பக்கத்து வீட்டு செல்வி, தன் பையனுக்கு வாங்கி மிஞ்சிய ஆன்டிபயாடிக் சிரப்பைக் கொண்டுவந்தாள். ஃபிரிட்ஜ் இல்லாததால் தண்ணீர்ப் பானைக்கடியில் ஈரமணலில் வைத்திருந்த பாட்டில்.

"இதுக்குப் போயி இன்னாத்துக்குக்கா கீழ எறங்கிக்கினு? பாதி அப்டியே இருக்குது, குடுங்க" என்றாள். கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் பிள்ளைக்கு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்தது. ஜீப்பில் மடியில் கிடத்திக்கொண்டு இறங்கினேன். அழுகைகூட வரவில்லை. வளைவுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் மூச்சு சீரானது. "என்ன மருந்தும்மா குடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். பாட்டிலை நீட்டினேன். ஈரத்தில் லேபிள் ஊறி உரிந்துபோயிருந்தது. கூட வந்த செல்விக்கும் பெயர் தெரியவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டை எப்போதோ தொலைத்திருந்தாள்.

இப்போது நான் மிச்ச மருந்தை வாங்குவதுமில்லை, கொடுப்பதுமில்லை. எந்த டாக்டரிடம் போனாலும், பிள்ளைக்கு ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"எந்த மருந்து?" என்று கேட்கிறார்கள்.

"தெரியாதுங்க" என்கிறேன்.