மானிட்டருக்கு மேட்சிங் பார்த்தவர்

தொண்ணூறுகளில், கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்ய நானே ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்யலாம் என்று தாம்பரத்தில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். பக்கத்தில், சேலைக்கு டிசைன் போடும் ஒரு பெண்மணி. நகக்கண்ணெல்லாம் சாயம். கைப்பையிலிருந்து ஓர் அரக்குத் துணியை எடுத்தார். ஒவ்வொரு மானிட்டரிலும் அதே நிறத்தை வரவழைக்கச் சொல்லி, துணியைத் திரையோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார்.

“இன்னாம்மா, இது ப்ளவுஸ் பிட் கடையா?” என்றார் கடைக்காரர்.

அந்தப் பெண்மணி அசரவில்லை. நான் வாங்க எழுதி வைத்திருந்த பாகங்களின் பட்டியலை எட்டிப் பார்த்தார். வேகமான பிராசசர், மலிவான மானிட்டர்.

“இதுல தப்பான கலர்தான் வேகமா வரும். பரவாயில்லையா சார்?”

எந்த மானிட்டரிலும் நிறம் ஒத்துவராமல், துணியை மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் அன்றே வாங்கிவிட்டேன்.

திரையில் குங்குமச் சிவப்பாக இருந்த என் முதல் பத்திரிகை, அச்சில் செங்கல் நிறத்தில் வந்தது. அந்தப் பெண்மணிக்கு அந்த அரக்கை அப்படியே காட்டும் மானிட்டர் எந்தக் கடையில் கிடைத்ததோ!