டீச்சர் கை பட்ட ரோஜாக்கள்

கேக் டீச்சருக்கு, 'இல்லை' என்று சொல்ல வராது. கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டபோதும் வரவில்லை, அதனால்தான் தான் பிழைத்துக்கொண்டதாக அவள் கணவர் சொல்வார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார்.

அன்று வகுப்பு முடிந்து மற்றவர்கள் போனபின் பெரியக்கா மேசையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"டீச்சர், நீங்க முன்னால வேலை பார்த்த கேக் கடையில ஆள் எடுக்கறாங்களாமே. அந்தக் கடைக்கார அண்ணன்கிட்ட எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க."

"பார்க்கலாம்க்கா" என்றாள் டீச்சர்.

பெரியக்கா அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

பெரியக்கா டீச்சரைவிட மூத்தவள். வகுப்பில் இருந்த எல்லோரையும்விட மூத்தவள் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. துணிக்கடையில் மடித்து அடுக்கும் வேலையில் இருந்தாள். கடையை மூடிவிட்டார்கள். கணவர் இறந்தபின் மகளைத் தம்பி வீட்டில் விட்டிருந்தாள். தம்பி மனைவி ஒன்றும் கெட்டவள் இல்லை. ஆனால் பரீட்சை முடிந்ததும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விடும்படி சொல்லிவிட்டாள். வேலை இல்லாதவளுக்கு யாரும் வீடு தருவதில்லை.

"ஒரு வேலை, ஒரு ரூம், என் பொண்ணு. அவ்வளவுதான் டீச்சர். அதுக்கு மேல ஒரு அடுக்கு வச்சா சாஞ்சிடும்" என்பாள். வகுப்பு முழுவதும் சிரிக்கும்.

பெரியக்கா வந்தால் வகுப்பு கலகலப்பாக இருக்கும். வருவதுதான் குறைவு. ஒரு நாள் மகளுக்குக் காய்ச்சல், ஒரு நாள் தம்பி வீட்டில் பஞ்சாயத்து, ஒரு நாள் பஸ் இல்லை. வந்தாலும் கை வேலை மட்டும் வரவே இல்லை. கிரீம் பையின் மேல்முனையை முறுக்கிப் பிடித்து அங்கிருந்து அழுத்த வேண்டும். பெரியக்கா நடுவில் பிடித்து இரண்டு கையாலும் பிழிவாள். அவள் உள்ளங்கை வேறு எப்போதும் சூடு. ரோஜாவின் மூன்றாவது இதழ் வருவதற்குள் உள்ளே இருக்கும் பட்டர் கிரீம் இளகி, இதழ் நாக்கு மாதிரி தொங்கும். பாதி கிரீம் பின்பக்கமாக வழிந்து முழங்கை வரை வரும்.

"மாடு கூட என்கிட்ட ஒழுங்கா கறந்திருக்கும் டீச்சர்" என்பாள்.

அப்போது டீச்சர் பக்கத்தில் போய், "இப்படிக் குடுங்கக்கா" என்று பையை வாங்குவாள். பூ பிழியும் ஆணியின் தட்டைத் தலைமேல் ரோஜா விரிந்து எழும். கேக்கின் ஓரம் சரிந்திருந்தால் நீளக் கத்தியால் ஒரு சுற்று இழுப்பாள். தெரிந்து செய்வதில்லை. கடையில் இருந்த காலமெல்லாம் அங்கே ஒரே சட்டம்தான்: கெட்ட கேக் வாசல் தாண்டக் கூடாது. யார் கை செய்ததாக இருந்தாலும் கடைசியில் அவள் கைக்கு வரும். அவள் ஒரு முறை திருப்பிப் பார்த்து, தொட வேண்டிய இடத்தில் தொட்டு அனுப்புவாள். மணிக்கட்டு வீங்கி, டாக்டர் இனி இந்த வேலையே கூடாது என்றபிறகுதான் கடையை விட்டு வீட்டுப் பின்னறையில் வகுப்பு ஆரம்பித்தாள். சட்டம் கூடவே வந்துவிட்டது. அசிங்கமான கேக்கை யாரும் அவள் வீட்டிலிருந்து எடுத்துப் போனதில்லை. எல்லோரும் போவதற்குமுன் கேக்கைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள்.

அன்று இரவு சாப்பிடும்போது, பெரியக்கா கேட்டதைக் கணவரிடம் சொன்னாள்.

"சொல்லிடேன். ஒரு வார்த்தைதானே" என்றார்.

"அவங்களுக்கு ஒண்ணும் வராதுங்க."

"அப்போ வராதுன்னு அந்த அக்காகிட்ட சொல்லிடு."

டீச்சர் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

"ரெண்டும் முடியாதா? அப்போ போனை அணைச்சு வச்சிட்டு என்கூட வேன்ல ஏறிக்கோ. பசங்களுக்கு மூக்கு துடைக்க ஆள் வேணும்."

அவருக்கு விளையாட்டு. கடைக்காரர் யாரையும் சோதித்து எடுப்பதில்லை. டீச்சர் சொன்னால் எடுப்பார். இதுவரை அவள் அனுப்பியவர்கள் எல்லோரும் அங்கே நிலைத்திருந்தார்கள். ஒன்றும் தெரியாத ஒருவரை அனுப்பினால், அடுத்து அவள் அனுப்பும் ஆளை யார் நம்புவார்கள்? வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கடையை மனதில் வைத்துத்தான் வருகிறார்கள். தையல்கடையில் காஜா எடுக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். வாயைத் திறக்க மாட்டாள். அவள் செய்யும் ரோஜா நறுக்கென்று நிற்கும். அவளும் அதற்காகத்தான் வருகிறாள்.

யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு வழி தோன்றியது. பெரியக்காவைத் தனியாக வரச்சொல்லி, முழுக் கேக்கையும் அவளையே செய்யவைப்பது. தான் தொடுவதில்லை. கேக்கைப் பார்த்தால் அவளுக்கே தெரிந்துவிடும். தன் வாயால் சொல்ல வேண்டியிருக்காது.

ஞாயிறு மதியம் பெரியக்கா வந்தாள். கூந்தலை இறுக்கிக் கட்டியிருந்தாள். முகத்தில் சந்தோஷம் கொட்டிக் கிடந்தது.

"நேத்தே கடைக்குப் போயிட்டு வந்துட்டேன் டீச்சர். போன்ல இருக்கற படம் எல்லாம் காட்டினேன். அந்த அண்ணன் அசந்துட்டாரு. அவருக்கும் அனுப்பச் சொன்னாரு. உங்களுக்கு போன் பண்றேன்னிருக்காரு."

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"சரிக்கா. செய்யுங்க. நான் பார்த்துட்டு மட்டும் இருக்கேன்."

நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். பெரியக்கா சுழலும் தட்டில் கேக்கை வைத்தாள். நடுவில் வைக்கவில்லை. தட்டு சுற்றச் சுற்ற கேக் ஒரு பக்கம் எட்டிப் பார்த்தது. கிரீம் பூசிய இடத்திலேயே மேலும் பூச, கேக்கின் துகள் மேலே கிளம்பி வந்தது. முதல் ரோஜா அமுங்கி உட்கார்ந்துவிட்டது. இரண்டாவது, ஆணியிலிருந்து எடுக்கும்போது பூத் தூக்கும் கத்திரிக்கோலில் இரண்டாகப் போயிற்று. பெரியக்கா முதலில் பேசிக்கொண்டே செய்தாள். அப்புறம் பேச்சு குறைந்தது. அப்புறம் நின்றுவிட்டது.

"இன்னிக்கு என்னவோ கை ஓடல டீச்சர். நீங்க பக்கத்துல வந்து நின்னா வந்துடும். எப்பவும் அப்படித்தானே வரும்."

அவள் முகத்தில் பொய் இல்லை. கேக் பேசிவிடும் என்று டீச்சர் நினைத்திருந்தாள். கேக் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"அக்கா, அந்தப் படத்துல இருக்கற பூவெல்லாம் நான் பண்ணது."

பெரியக்கா சிரித்தாள். "நீங்க சொல்லிக் குடுத்துதானே நான் பண்ணேன்."

"இல்லக்கா. சொல்லிக் குடுக்கல. நானே பண்ணேன். ஓரம் இழுத்ததும் நான்தான். நீங்க பையை என்கிட்ட குடுத்துட்டீங்க."

பெரியக்கா போனை எடுத்துப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். மஞ்சள் ரோஜா வைத்தது, வெள்ளை ஓரம் போட்டது, கூடை மாதிரிப் பின்னியது. ஒவ்வொன்றிலும் கேக்கைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். நெடுநேரம் பார்த்தாள்.

"அப்போ இத்தனை மாசம் நான் இங்க வந்து என்ன பண்ணேன்?"

பெரியக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"எதுக்குப் பிடுங்கிப் பிடுங்கிப் பண்ணீங்க? கெட்டுப் போகட்டும்னு விட்டிருக்கலாம்ல? அசிங்கமா வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருப்பேன். என் பொண்ணு பார்த்துட்டு, இது என்னம்மா சாணின்னு கேட்டிருப்பா. எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"தப்புதான்க்கா."

"தப்புன்னா என்ன பண்றது இப்போ?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே வழி கேட்கிறவள் போலக் கேட்டாள். டீச்சர் மேசையைப் பார்த்தாள். இன்னும் ரெண்டு மாசம் தினமும் வாங்க, நான் தொடாம சொல்லித் தரேன் என்று சொல்லலாம். அதுவரை மகளை யார் வீட்டில் வைப்பது?

"இப்பவும் சொல்லிடுங்க டீச்சர்" என்றாள் பெரியக்கா, குரலைத் தாழ்த்தி. "உள்ள போயிட்டா கத்துக்குவேன். துணி மடிக்கக் கூடத் தெரியாமத்தான் அந்தத் துணிக்கடைக்குப் போனேன்."

அப்போது போன் அடித்தது. கடைக்காரர்தான். போனில் அவர் பேசினால் அறை முழுக்கக் கேட்கும். பெரியக்கா கிரீம் பை முனையில் மாட்டும் நாசில்களை அள்ளிக்கொண்டு அறையின் மூலையில் இருந்த தொட்டிக்குப் போய்க் குழாயைச் சின்னதாகத் திறந்தாள். சின்னதாகத் திறந்தது கேட்பதற்காகத்தான்.

"என்னம்மா, எப்படி இருக்கு கை? அந்தம்மா படம் பார்த்தேன். அப்படியே உன் ரோஜா. தைரியமா எடுக்கலாமா? சரின்னு மட்டும் சொல்லு, நாளைக்கே வரச் சொல்லிடறேன்."

சரி என்று சொல்ல வாயைத் திறந்தாள். அந்த ஒரு வார்த்தைதான் அவளுக்கு எப்போதும் சுலபமாக வருவது. எதிரே கேக் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. நாளைக்குக் கடையில் இதே மாதிரி ஒன்று மேசையில் இருக்கும். அதைச் சுற்றி நான்கு பேர் நிற்பார்கள். பெரியக்கா நடுவில் நிற்பாள்.

"அண்ணே, அவங்களுக்கு இன்னும் பூ வரல. அடி வேலைக்கு வச்சுக்க முடியுமா? கேக் வெட்ட, கிரீம் அடிக்க. நல்லா பழகுவாங்க. ஒரே மாசத்துல கடையே அவங்க பக்கம் ஆயிடும்."

"அடி வேலைக்கு ஆள் இருக்கும்மா. பூவுக்குத்தான் தேடறேன். ஆமா, பூ வரலன்னா அந்தப் படம் யாரு பண்ணது?"

"என் கை பட்டது அண்ணே."

"தன்னோடதுன்னு சொல்லிச்சே அது."

"அவங்க பொய் சொல்லல. அவங்களுக்குத் தெரியாது."

"யாரு பண்ணாங்கன்னு கூடத் தெரியாமயா ஒருத்தங்க கேக் செய்வாங்க?" கடைக்காரர் சிரித்தார். நல்ல மனுஷர். அந்தச் சிரிப்போடு பெரியக்காவுக்கு அந்தக் கடை ஒரேயடியாக முடிந்துபோனது என்பது டீச்சருக்குப் புரிந்தது.

"சரி விடு. நல்லவேளை சொன்ன. உன்கிட்ட வேற யாராவது இருக்காங்களா? அவசரம்."

டீச்சர் தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"ஹலோ? இருக்காங்களா இல்லையா?"

தொட்டியில் விழுந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றது.

"அந்தக் காஜா பொண்ணைச் சொல்லுங்க" என்றாள் பெரியக்கா, திரும்பாமல். "அவ பூவை மட்டும் நீங்க தொட்டதே இல்ல."

"பக்கத்துல யாரும்மா?" என்று கேட்டார் கடைக்காரர்.