ஒரே போல்டரில் கலியாணவீடும் செத்தவீடும்

சண்டிலிப்பாயில் சிவகௌரியின் வீட்டு விறாந்தைச் சுவரில் மூன்று ஆணிகள் இருக்கின்றன. இரண்டில் மாமனாரும் மாமியாரும் மாலை போட்டபடி தொங்குகிறார்கள். மூன்றாவதில் நாட்காட்டி. வீடு கட்டி முடிந்த கையோடு அந்த மூன்றாவது ஆணியைக் கணவர் செந்தூரன் அடித்தது கௌரியின் அம்மாவுக்காகத்தான். அம்மாவின் படம்தான் இல்லை.

தொண்ணூற்றைந்தில் போரால் ஊரே இடம்பெயர்ந்தபோது கௌரிக்குப் பதினான்கு வயது. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் காய்ச்சல் கண்டு அம்மா செல்வநாயகி போய்ச் சேர்ந்தார். அந்த அந்தரத்தில் மரண அறிவித்தல் ஏது, முப்பத்தோராம் நாளுக்குப் படத்தோடு கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் அடிப்பது ஏது. திரும்பி வந்து பார்த்தால் வீட்டுக்குக் கூரையும் இல்லை, உள்ளே அலுமாரியும் இல்லை, அலுமாரிக்குள் இருந்த அல்பமும் இல்லை. கௌரி விழுந்தெழும்பிப் படித்தாள். கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர் ஆனாள். வெங்காயத் தோட்டம் செய்யும் செந்தூரனைக் கட்டினாள். ஊர் வாசிகசாலையின் செயலாளரும் ஆனாள். சம்பளமில்லாத பதவி என்பதால் போட்டிக்கு ஆள் வரவில்லை. எல்லாம் சரி, அம்மாவின் முகம் மட்டும் வருடத்துக்கு வருடம் மங்கிக்கொண்டு போனது. அதை நினைத்தால் அவளுக்குப் பயமாக இருக்கும்.

வாசிகசாலைக்கு ஓர் இணையத்தளம் உண்டு. நோர்வேயில் இருக்கும் ஊர்க்காரர் பிரகலாதன் தொடங்கியது. வெளிநாடுகளில் தப்பிப் பிழைத்த அல்பங்களில் இருந்து ஊர்ச்சனம் படங்களை அனுப்ப, அவர் ஏற்றிவிடுவார். அவருடைய அக்காவின் கலியாணப் படம் ஒன்றில், பந்தலின் ஓரத்தில், கௌரியின் அம்மா நிற்கிறார். ஆனால் தளத்தில் இருப்பது சுருக்கிய படம். பெரிதாக்கிப் பார்த்தால் அம்மாவின் முகம் நாலைந்து சதுரங்களாக உடைந்துவிடும். கௌரி அதை எத்தனையோ தரம் பெரிதாக்கிப் பார்த்தவள்தான்.

ஒருநாள் பிரகலாதனே அழைத்தார்.

"பிள்ளை, எனக்குக் கண் ஏலாமல் போச்சு. தளம் இருக்கிற சேர்வரை இந்த மாசத்தோடை விடப் போறன். படங்களை நீங்கள் இறக்கி எடுத்து வேறை இடத்திலை வையுங்கோ."

"அண்ணை, உங்கடை அக்கான்ரை கலியாணப் படம்... அதின்ரை பெரிசு உங்களிட்டை இருக்கே?"

"அல்பம் வெள்ளத்திலை பழுதாப் போச்சு. ஆனால் பெரிசு எல்லாத்தையும் ஒருக்கா ஏத்தினனான். எங்கையெண்டுதான் ஞாபகமில்லை. நீர் உள்ளுக்குப் போய்த் தேடிப் பாரும். அதுக்குப் படங்களை ஏத்தி இறக்கிற எவ்.ரி.பி. கிளையன்ட் எண்டு ஒரு புரோகிராம் வேணும்."

சேர்வர் மூடுவதற்குள் அந்தப் படம் கிடைத்தால் அம்மா உண்டு. கிடைக்காவிட்டால் அந்தச் சதுரங்களும் ஆணியும்தான் மிச்சம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கௌரி வாசிகசாலைக் கணினிக்கு முன்னால் இருந்தாள். தேடினால் ஒரு மென்பொருளா, இரண்டா! ஒன்று கறுப்புத் திரையைக் காட்டி, எல்லாவற்றையும் தட்டச்சிலேயே சொல் என்றது. இன்னொன்று அழகாகத்தான் இருந்தது, மெக் கணினிக்கு மட்டுமாம். கடைசியில் ஒன்று அவளுக்குப் பிடித்துப்போனது. திரையை நடுவில் பிரித்து, இடப்பக்கம் நம்முடைய கணினி, வலப்பக்கம் தூரத்துச் சேர்வர் என்று காட்டியது. இங்கிருந்து அங்கே இழுத்துவிட்டால் ஏறும், அங்கிருந்து இங்கே இழுத்தால் இறங்கும். வேலிக்கு மேலால் கறிச்சட்டி மாற்றிக்கொள்வதைப் போல எளிதாக இருந்ததால் அதையே நிறுவினாள்.

விலாசம், பெயர், பாஸ்வேர்ட் மூன்றையும் போட்டாள். தொடர்பு கிடைக்கவில்லை. மறுபடி போட்டாள். மறுபடியும் இல்லை. பிரகலாதனுக்கு வட்ஸ்அப்பில் அழைத்தாள்.

"வெறும் எவ்.ரி.பி.யிலை போகாதையும் பிள்ளை, அதை நான் எப்பவோ பூட்டிப் போட்டன். அதிலை பாஸ்வேர்ட் திறந்த தபாலட்டையிலை போற மாதிரிப் போகும். எஸ்.எவ்.ரி.பி. எண்டதைத் தெரிஞ்செடும். கதவு இலக்கம் இருபத்திரண்டு."

அப்படியே செய்ததும், இந்தச் சேர்வரை முன்பின் தெரியாது, நம்பலாமா என்று ஓர் எச்சரிக்கை வந்தது.

"நம்பலாமோ எண்டு கேக்குது அண்ணை."

"என்னைத் தெரியாதெண்டு சொல்லுதோ? அதிலை இருக்கிற நீட்டு எழுத்தை வாசியும்... ஓம், சரி. நம்பும்."

நம்பினாள். வலப்பக்கம் மளமளவென்று நிறைந்தது. ஊர் முழுக்க அங்கே இருந்தது. அம்மா நிற்கும் படத்தையும் கண்டுபிடித்தாள். ஆனால் அதே சின்னப் படம். மேலும் கீழும் உருட்டினாள், பெரியது எங்கேயும் இல்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். இறக்கிவைப்பதை முதலில் செய்திருக்கலாம். ஆனால் கௌரியின் கண்ணில் வேறொன்று பட்டுவிட்டது. பிரகலாதன் படங்கள் வந்த வரிசைக்கு இலக்கமும் பெயரும் போட்டுக் கலியாணவீட்டுப் படத்தையும் செத்தவீட்டுப் படத்தையும் ஒரே போல்டரில் கொட்டி வைத்திருந்தார். தாலி கட்டும் படத்துக்குப் பக்கத்தில் பாடை. பூப்புனித நீராட்டுக்குப் பக்கத்தில் அந்தியேட்டிக் கிரியை. நல்ல காரியத்தையும் தீட்டுத் துடக்கையும் இப்படியா கலப்பது? நோர்வேக் குளிரில் இந்த மனிசனுக்கு எல்லாம் விறைத்துவிட்டது என்று முணுமுணுத்தாள். அமங்களம் என்று ஆங்கில எழுத்தில் ஒரு போல்டர் திறந்தாள். அகரத்தில் தொடங்கியதால் அது பட்டியலின் தலைமாட்டில், இரண்டு புள்ளி மட்டும் போட்டிருந்த ஒரு வரிக்குக் கீழே போய் இருந்தது. செத்தவீட்டுப் படங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்து, மொத்தமாக இழுத்துக்கொண்டுபோய் அதற்குள் விட்டாள்.

விட்டதாகத்தான் நினைத்தாள். போல்டரைத் திறந்தால் வெறுமையாக இருந்தது. பழைய இடத்தைப் பார்த்தால் அங்கேயும் இல்லை.

அந்த நேரம் பார்த்து ரொறன்ரோவில் இருந்து றஜனி அழைத்தாள். மார்க்கண்டு வாத்தியாரின் மகள்.

"கௌரியக்கா, இண்டைக்கு அப்பான்ரை திவசம். விடியவெள்ளன எழும்பி ஊர்ப் பக்கத்தைத் திறந்தால் அப்பாவைக் காணேல்லை. வெறும் பெட்டிதான் தெரியுது. என்ன நடந்தது?"

"நான்தான் கையை வைச்சனான் றஜனி. கொஞ்சம் பொறும், பாக்கிறன்" என்று மட்டும் கௌரி சொன்னாள். அம்மாவைத் தேடப் போய் ஊரில் செத்தவர்கள் எல்லாரையும் இரண்டாம் தரம் சாகடித்துவிட்டேனே என்று அழுகை வந்தது. தன் வீட்டில் இல்லாமற்போன ஒன்றை இத்தனை பேர் வீட்டிலும் இல்லாமல் செய்துவிட்டோமே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். உடனே பிரகலாதனை மறுபடி அழைத்தாள்.

அவர் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "படங்களுக்குமோ துடக்கு? அழாதையும். கை வழுக்கி ரெண்டு புள்ளியிலை விட்டிருப்பீர். அது மேல்மாடிக்குப் போற படி. அதை ரெண்டுதரம் அமத்தும்."

அமத்தினாள். திரை ஒரு படி மேலே ஏறியது. அங்கே இழவுப் படங்கள் எல்லாம் ஒன்றும் குறையாமல் குவிந்து கிடந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் அவள் அதுவரை காணாத ஒரு போல்டர் இருந்தது. 'பெரிசு' என்று ஆங்கில எழுத்தில் பெயர்.

"அட, அங்கையே வைச்சனான்!" என்றார் பிரகலாதன். "கண்டவை நிண்டவை எடுக்கக்கூடாதெண்டு தளத்துக்கு வெளியிலை ஒளிச்சு வைச்சு, நானே மறந்து போனன்."

கௌரி அந்தக் கலியாணப் படத்தை இடப்பக்கம் இழுத்துவிட்டாள். பச்சைக் கோடு மெல்ல மெல்ல நகர்ந்து நிறைந்தது. திறந்தாள். பெரிதாக்கினாள். அம்மா உடையவில்லை.

இடது கன்னத்தில் மச்சம் இருந்தது. அதை அவள் மறந்தே போயிருந்தாள். யாரோ சொன்ன பகிடிக்கு அம்மா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். இடுப்பில் விரல் சூப்பிக்கொண்டு ஒரு பிள்ளை, அது கௌரிதான். அம்மாவுக்கு அதில் முப்பது வயதுகூட இராது, இன்றைய கௌரியைவிட எவ்வளவோ இளையவர். கௌரி சத்தம் போட்டு அழுதாள். பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் மரியாதையாக எழும்பி வெளியே போனார்கள்.

அழுது முடிந்தபிறகுதான் மற்றவர்களைப் பார்த்தாள். அம்மாவுக்குப் பக்கத்தில் பன்னீர்ச் செம்போடு மீசை அரும்பிய மார்க்கண்டு வாத்தியார். பின்னால் பெரியப்பா. முன்னால் சம்மணமிட்டபடி மாப்பிள்ளைத் தோழன், அவரும் இப்போது இல்லை. அந்தப் பந்தலுக்குள் நின்றவர்களில் அரைவாசிப் பேர் போய்விட்டார்கள். இந்தப் படத்தை நான் எந்தப் போல்டரில் போடுவது என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். பிறகு செத்தவீட்டுப் படங்கள் அத்தனையையும் திரும்ப இழுத்துக் கலியாணங்களுக்கு நடுவிலேயே விட்டாள். அமங்களம் என்ற போல்டரை அழித்தாள்.

றஜனிக்கு அழைத்தாள். "அப்பா வந்திட்டார், பாரும். உமக்கு இன்னொரு அப்பாவையும் அனுப்புறன், இளந்தாரி அப்பா."

பிறகு முழுச் சேர்வரையும் இடப்பக்கம் இறங்கவிட்டு, தேத்தண்ணி குடிக்கப் போனாள்.

அடுத்த கிழமை மானிப்பாயில் படம் கழுவக் கொடுத்தபோது, ஸ்ரூடியோக்காரர் அம்மாவின் தோளோரம் நீட்டிக்கொண்டிருந்த பன்னீர்ச் செம்புக் கையை வெட்டிவிடவா என்று கேட்டார். வேண்டாம், அது எங்கடை வாத்தியாரின்ரை கை என்றாள் கௌரி.

செந்தூரன் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "உம்மடை சிரிப்பு" என்றார். பிறகு விறாந்தைக்குப் போய் நாட்காட்டியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அதற்கு எங்கே ஒரு ஆணி அடிப்பது என்று சுவரெல்லாம் தேடத் தொடங்கினார்.